இல்லாத கையும் இருக்கும் ‘நானும்’

மலேசியத் தமிழில் ஒரு சொல் விநோதமாகப் புழங்குகிறது. மலாயில் ‘மோத்திவாசி’ என்பதை நாம் ‘தன்முனைப்பு’ என்கிறோம். தன்முனைப்பு முகாம், தன்முனைப்பு உரை, தன்முனைப்புப் பேச்சாளர். ஜொகூரில் எந்த இடைநிலைப்பள்ளி மாணவரைக் கேட்டாலும் எஸ்.பி.எம். தேர்வுக்கு முன் இப்படி ஒரு முகாமிலாவது உட்கார்ந்திருப்பார். ஆனால் தமிழ்நாட்டில் ஒருவரைத் ‘தன்முனைப்பு மிக்கவர்’ என்று சொன்னால் அது பாராட்டு அன்று. ‘நான்’ என்ற எண்ணம் துருத்திக்கொண்டு நிற்கும் ஆள் என்று பொருள். அகந்தை என்று பொருள்.

இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தது தற்செயல்தான். இருந்தாலும் முகாமில் நடப்பதைப் பார்த்தால் அவ்வளவு தற்செயலாகவும் தோன்றவில்லை. “நான் வெற்றியாளன்! நான் சாதிக்கப் பிறந்தவன்!” என்று முன்னூறு பேர் எழுந்து நின்று கத்துகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு உற்சாகமாகத்தான் இருக்கும். பிறகு முடிவு வருகிறது. எட்டு ‘ஏ’ எதிர்பார்த்தவருக்கு நான்கு கிடைக்கிறது. அப்போது அந்த ‘வெற்றியாளன்’ எங்கே போனான்? அவன் போய்விட்டான் என்றால் மிச்சம் இருப்பது யார்? இந்தக் கேள்வியோடு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு முகாமில் ஒரு பதிலும் தரப்படவில்லை.

‘நானை’ இறுக்கிப் பிடிப்பதால் பலம் வருவதில்லை, அது உடையக்கூடியது என்று கண்ணால் பார்ப்பதால்தான் வருகிறது என்பது பௌத்தத்தின் பழைய கருத்து. அநாத்மம் என்பார்கள்: மாறாத, தனித்த ‘நான்’ என்று ஒரு பொருள் இல்லை என்பது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது ஆகாத தத்துவம் என்று பலர் நினைக்கலாம். ஆகும் என்பது என் கட்சி. இது அறிவியல் பக்கம் என்பதால் சான்றுகளோடு பேசுவோம். அந்தக் கருத்துக்கு எதிரான சான்றையும் மறைக்காமல்.

முதலில் உடம்பு. உங்கள் உடலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 33,000 கோடி உயிரணுக்கள் புதிதாக மாற்றப்படுகின்றன. 2021-இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட கணக்கு இது. பெரும்பகுதி இரத்த அணுக்கள். அடுத்தது குடலின் உட்பூச்சு. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உழைக்கும், பிறகு உடைக்கப்படும். பள்ளி ஆண்டு தொடங்கியபோது உங்கள் நாளங்களில் ஓடிய சிவப்பணுக்களில் அநேகமாக ஒன்றுகூட ஆண்டிறுதியில் இருக்காது.

“ஏழு ஆண்டுக்கு ஒருமுறை முழு உடம்பும் புதிதாகிவிடும்” என்று சமூக ஊடகங்களில் சுற்றும் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். 1955 முதல் 1963 வரை வெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கரியின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. பின் மெல்லக் குறைந்தது. உயிரணு பிறக்கும்போது அந்த ஆண்டின் கரி அதன் மரபணுப் பொருளில் பதிந்துவிடுகிறது. சுவீடனில் யோனாஸ் ஃப்ரீசன் குழுவினர் இதையே பிறந்த தேதி முத்திரைபோலப் பயன்படுத்தி உயிரணுக்களின் வயதைக் கண்டுபிடித்தார்கள். உலகை அழிக்கச் செய்த குண்டு, அணுவின் வயதுச் சான்றிதழாயிற்று! அவர்கள் கண்டது: மூளையின் புறணியில் உள்ள நரம்பணுக்கள் நம்மோடு பிறந்து நம்மோடு மூப்படைகின்றன. இதயத் தசை அணுக்களில் 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்றுதான் மாறுகிறது.

அப்படியானால் மாறாத நரம்பணுவில்தான் ‘நான்’ இருக்கிறேனா? அங்கும் அணு அதே அணு என்றாலும் அதைக் கட்டியிருக்கும் புரதங்கள் ஓயாமல் சிதைந்து புதிதாகின்றன. ஆற்றின் பெயர் ஜொகூர் ஆறுதான். கோத்தா திங்கியைக் கடக்கும் நீர் நேற்றைய நீர் இல்லை.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டர். பாலி நூலில் அவன் பெயர் மிலிந்தன். நாகசேனர் என்ற துறவியோடு அவன் நடத்திய உரையாடலில் இதே புதிர் வருகிறது. நீ ஏறி வந்த தேர் எது, அச்சா, சக்கரமா, நுகமா என்று துறவி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் இல்லை என்கிறான் அரசன். எல்லாம் ஓர் ஒழுங்கில் சேர்ந்தபோது வழங்கும் பெயரே தேர். மனிதனும் அப்படித்தான் என்கிறார் துறவி. இன்னொரு இடத்தில் விளக்கைக் காட்டுகிறார். முன்னிரவில் எரிந்த சுடரும் விடியலில் எரியும் சுடரும் ஒன்றா? ஒன்றும் இல்லை, வேறும் இல்லை. வேதியியல் படிக்கும் மாணவருக்கு இது உடனே புரியும். சுடர் ஒரு பொருள் அன்று, நிகழ்வு.

இது வரைக்கும் சிந்தனை விளையாட்டு. உண்மையில் ‘நானில்’ ஒரு துண்டு போய்விட்டால் என்ன ஆகிறது? இந்தக் கேள்வி நம் சமூகத்துக்கு வெறும் தத்துவம் இல்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே விகிதம் இன்னும் அதிகம். காலில் புண், ஆறாத புண், பிறகு அறுவை. மாசாயிலோ குளுவாங்கிலோ தெருவுக்கு ஒரு வீட்டிலாவது கால் விரலையோ காலையோ இழந்த ஒரு தாத்தா, ஒரு மாமா இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விடியுமுன் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிப்போன இளைஞர்களில் விபத்தில் கை கால் இழந்தவர்களும் உண்டு.

அவர்களிடம் கேட்டால் ஒரு விசித்திரம் சொல்வார்கள். இல்லாத கால் அரிக்கிறது; இல்லாத கை வலிக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த வியர் மிட்செல் 1871-இல் இதற்கு ‘மாய உறுப்பு’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். உறுப்பை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த உணர்வு உண்டு. நூறாண்டுக்கு மேல் இதை வெட்டுண்ட நரம்பு நுனியின் கோளாறு என்றே பலர் கருதினார்கள். அதைக் கலைத்தவர்களில் முக்கியமானவர் நம்மவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியாவில் ஆய்வு செய்யும் வி.எஸ். இராமச்சந்திரன்.

கையிழந்த இளைஞர் ஒருவரின் கண்ணைக் கட்டி, அவர் கன்னத்தைப் பஞ்சு முனையால் தொட்டார் இராமச்சந்திரன். அந்த இளைஞருக்குத் தொடுகை கன்னத்திலும் தெரிந்தது, இல்லாத கையின் விரலிலும் தெரிந்தது! காரணம் மூளையின் வரைபடத்தில் இருக்கிறது. தொடுகையைப் பதியும் புறணிப் பகுதியில் முகத்துக்கான இடமும் கைக்கான இடமும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். கையிலிருந்து செய்தி வருவது நின்றதும் முகத்தின் செய்திகள் அந்தக் காலி வீட்டுக்குள் நுழைந்துவிட்டன என்பது அவர் தந்த விளக்கம். எவ்வளவு தூரம் சரி என்று நரம்பியலாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் மூளையில் உடம்பின் ஒரு படம் இருக்கிறது, உடம்பு மாறிய பின்னும் அந்தப் படம் பிடிவாதமாக நீடிக்கிறது என்பதில் சண்டை இல்லை.

சிலருக்கு மாயக்கை முறுக்கி மூடிய நிலையில் உறைந்துவிடும். இல்லாத நகம் இல்லாத உள்ளங்கையில் குத்தும். வலி மட்டும் உண்மை. இராமச்சந்திரன் ஒரு பெட்டியில் நிலைக்கண்ணாடியை நிறுத்தினார். இருக்கும் கையின் பிம்பம், இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்தார். இருக்கும் கையை விரித்தபோது கண்ணாடியில் ‘இழந்த கை’ விரிந்தது. சிலருக்குப் பல்லாண்டு முறுக்கு அந்த நொடியில் தளர்ந்தது. 2007-இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் காலிழந்த 22 வீரர்களிடம் செய்த சோதனையிலும் கண்ணாடிப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்தது. பிற்காலச் சோதனைகளின் முடிவுகள் கலவையானவை. எல்லாருக்கும் கேட்கும் மருந்து என்று சொல்ல முடியாது.

கையைப் போலவே ‘நான் யார்’ என்பதற்கும் நாம் ஒரு படம் வைத்திருக்கிறோம். ‘முதல் மாணவி’, ‘ஓட்டக்காரன்’, ‘அழகன்’, ‘அப்பாவின் செல்லம்’. வாழ்க்கை அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடுகிறது. படம் மட்டும் அப்படியே நிற்கிறது. இல்லாத இடத்தில் வலிக்கிறது. இது உவமைதான், நரம்பியல் சான்று அன்று; குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் இழப்பை நேராகப் பார்க்க மறுப்பவரிடம் “நீ வெற்றியாளன்தான், விடாதே” என்று கத்துவது மாயக்கையை இன்னும் இறுக மூடு என்பது போலத்தான் எனக்குப் படுகிறது.

பட்டப்பெயர் மனிதனைப் பலவீனப்படுத்துகிறது என்பதற்கு நேரடிச் சான்றே இருக்கிறது. 1998-இல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் “நீ கெட்டிக்காரன்” என்றார்கள். சிலரிடம் “நன்றாக உழைத்தாய்” என்றார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். அதன் பிறகு வந்த எளிய புதிர்களில்கூடக் ‘கெட்டிக்காரர்கள்’ சறுக்கினார்கள். தம் மதிப்பெண்ணைப் பிறருக்கு எழுதச் சொன்னபோது அவர்களில் பத்தில் ஏறக்குறைய நால்வர் கூட்டி எழுதினார்கள். காப்பாற்ற வேண்டிய ‘நான்’ ஒன்று வந்துவிட்டால் பொய்யும் கூடவே வருகிறது.

இனி நம் சொந்தக் கதை ஒன்று. பௌத்தம் என்றதும் சீனர் கோயிலையும் விசாக நாள் விடுமுறையையும் நினைக்கிறோம். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான மணிமேகலை முழுக்க முழுக்கப் பௌத்த நூல் என்பதை மறந்துவிடுகிறோம். சாத்தனார் எழுதிய அந்தக் கதையில் நாயகிக்கு உங்கள் வயதுதான் இருக்கும். தந்தை கோவலன் கொலையுண்டான். தாய் மாதவி துறவி. பாட்டி சித்திராபதிக்கோ பேத்தி நாடகக் கணிகையாக வேண்டும். இளவரசன் உதயகுமரனுக்கு அவள் தன் உரிமை. ஊரே அவளுக்கு ஒரு ‘நான்’ தயாரித்து வைத்திருக்கிறது. அவள் அதை அணிய மறுக்கிறாள்.

சாத்தனார் அவளுடைய அடையாளங்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போகிறார். மணிபல்லவத்தில் முற்பிறப்பு தெரிகிறது. இலக்குமி என்ற வேறு பெயர், வேறு கணவன். புகாரில் காயசண்டிகை என்ற வேறு பெண்ணின் வடிவை எடுத்துத் திரிகிறாள். சாவகத்துக்குப் பறக்கிறாள், அந்நாடு நம் பக்கத்துக் கடலில் உள்ளதுதான். வஞ்சியில் துறவி வேடத்தில் ஆணாக நின்று பல சமயத்தாரின் வாதங்களைக் கேட்கிறாள். இத்தனை மாறியும் அவள் தளரவில்லை. ஏனென்றால் கையில் அமுதசுரபி இருக்கிறது, எதிரே பசித்தவர்கள் இருக்கிறார்கள். அரசனிடம் கேட்டுச் சிறைக்கூடத்தை அறக்கூடமாக மாற்றுகிறாள். அரண்மனைப் பேச்சாளர் யாரும் அவளுக்கு வெற்றி முழக்கம் கற்றுத் தரவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அறவண அடிகள் காஞ்சியில் அவளுக்குப் பௌத்தத் தத்துவத்தை விரிவாகச் சொல்வது கதையின் கடைசியில்தான். சோறு போட்ட பிறகுதான் பாடம்.

அந்த வரிசை முக்கியம் என்பதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சான்று வருகிறது. 2018-இல் ஷான் நிக்கல்ஸ் முதலிய ஆய்வாளர்கள், சாவைப் பற்றிய அச்சத்தை அமெரிக்கர், இந்திய இந்துக்கள், பூட்டானியர், திபெத்தியர் ஆகியோரிடம் ஒப்பிட்டார்கள். ‘நான்’ என்று ஒன்று இல்லை என நாள்தோறும் படிக்கும் திபெத்தியத் துறவிகளுக்கு அச்சம் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நேர்மாறாக, ‘நான் இல்லாமல் போய்விடுவேன்’ என்ற அச்சம் அந்தத் துறவிகளிடமே மிக அதிகமாக இருந்தது. கொள்கையை அவர்கள் உறுதியாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் நீண்ட காலம் தியானத்தில் பழகியவர்கள் அல்லர் என்பதை ஆய்வாளர்களே குறிப்பிடுகிறார்கள்.

பௌத்தத்தைப் பரிந்து பேசுகிறவர்கள் இந்த ஆய்வைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த ஆய்வு. மனப்பாடம் செய்து எழுதும் விடை, தேர்வு மண்டபத்துக்கு வெளியே ஆளைக் காப்பாற்றாது என்பது துறவிக்கும் பொருந்துகிறது. நமக்குச் சொல்லவா வேண்டும்? இங்கிலாந்திலும் இப்படித்தான் நடந்தது. 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து மனக்கவனப் பயிற்சியைச் சோதித்தார்கள். 2022-இல் வந்த முடிவு: வழக்கமான பாடத்தைவிட அது மேலாக இல்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை. ஆகவே தன்முனைப்பு முகாமை எடுத்துவிட்டுத் தியான முகாமை வைத்தால் போதும் என்று யாராவது புறப்பட்டால் அதுவும் வீண்வேலை.

பழக்கம் என்றால் என்ன? அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீராத வலிக்காரர்களுக்கு ஒரு பயிற்சி தொடங்கினார். வலியை விரட்டாமல், அது எங்கே இருக்கிறது, எப்படி ஏறி இறங்குகிறது என்று உட்கார்ந்து பார்ப்பது. ‘என் வாழ்க்கையே போச்சு’ என்ற கதை வேறு, முழங்காலில் துடிக்கும் உணர்வு வேறு என்று பிரித்தறிவது. மூலம் பௌத்தப் பயிற்சிதான்.

இதற்குத் தமிழர்களுக்கு ஒரு சின்ன வசதி உண்டு. ஆங்கிலத்தில் ‘நான்’ பசியாகவும் ‘நான்’ கோபமாகவும் இருக்கிறேன் என்பார்கள். நாம் எனக்குப் பசிக்கிறது, எனக்குக் கோபம் வருகிறது, எனக்குத் தூக்கம் வருகிறது என்கிறோம். நான்காம் வேற்றுமை. கோபம் எங்கிருந்தோ என்னிடம் வருகிறது, வந்தது போகும். இலக்கணம் ஒருவரை ஞானியாக்காது, உண்மை. (ஆக்கியிருந்தால் தமிழர் நிறைந்த இயக்கக் கூட்டங்களில் நாற்காலி பறக்காது.) ஆனாலும் ‘நான் தோல்வி’ என்று மனம் சொல்லும்போது அதை ‘எனக்குத் தோல்வி வந்திருக்கிறது’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். வேறுபாடு சிறியதில்லை.

ஒரு முக்கியமான தவறான புரிதலை இங்கேயே நிறுத்த வேண்டும். ‘நான் இல்லை’ என்பதும் ‘நான் ஒன்றுக்கும் ஆகாதவன்’ என்பதும் ஒன்றல்ல; ஒன்றுக்கொன்று எதிர். பின்னது கல்லில் வெட்டியதுபோல் இறுகிய ஒரு ‘நான்’. ‘வெற்றியாளன்’ பலகையைத் திருப்பி மாட்டியது மட்டுமே. வச்சகோத்தன் என்பவன் புத்தரிடம் வந்து ஆன்மா உண்டா, இல்லையா என்று கேட்டபோது இரண்டு கேள்விக்கும் அவர் வாய் திறக்கவில்லை. இல்லை என்று சொன்னால் கேட்டவன் இன்னும் குழம்பிப்போவான் என்று பிறகு ஆனந்தரிடம் விளக்கினார். நமக்கும் அந்த எச்சரிக்கை வேண்டும். எதிலும் ஒட்டாமல், வெறுமையாக, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் நாள்கணக்கில் நீடித்தால் அது தத்துவம் அன்று, உடல்நலப் பிரச்சினை. கவுன்சலிங் ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555.

ஆன்மா உண்டு என்று நம்பும் சைவ வீட்டுப் பிள்ளைகள் இதற்காகச் சமயத்தை விட வேண்டியதும் இல்லை. ஆணவத்தை மலம் என்றே சைவம் சொல்கிறது. வள்ளுவரும் துறவு அதிகாரத்தில் யான், எனது இரண்டையும் செருக்கில்தான் சேர்க்கிறார். ஆன்மா பற்றிய சண்டை ஆயிரம் ஆண்டுகள் நடந்திருக்கிறது, இன்னும் நடக்கட்டும். ஆனால் மதிப்பெண் பட்டியல் ஆன்மா இல்லை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

பள்ளிகளிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. முகாமின் ஆறு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள். வெற்றியாளரை அழைப்பதற்குப் பதில், செயற்கைக் காலில் மறுபடி நடக்கப் பழகிய ஒருவரை அழையுங்கள். ஆறுதல் கதையாக வேண்டாம். முதல் வாரம் எப்படி இருந்தது, எப்போது பழைய காலைத் தேடுவது நின்றது, இப்போதும் தேடுகிறாரா என்று மாணவர்கள் கேட்கட்டும். மிச்ச நேரத்தில் ஒரு பரிசோதனை. 1998-இல் போட்வினிக், கோஹன் ஆகிய இருவர் வெளியிட்டது. செலவு பத்து வெள்ளிகூட ஆகாது.

பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையில் பஞ்சை அடைத்து மேசைமேல் வையுங்கள். ஒரு மாணவர் தம் கையை அதன் பக்கத்தில் வைக்கட்டும்; நடுவில் அட்டையை நிறுத்தி அவருடைய கை அவர் கண்ணுக்குத் தெரியாமல் மறையுங்கள். தோளுக்கும் கையுறைக்கும் இடையே ஒரு துண்டைப் போர்த்துங்கள். இரண்டு வண்ணத் தூரிகைகளால் நிஜக் கையையும் கையுறையையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வருடுங்கள். அவர் கையுறையையே பார்க்கட்டும். சில நிமிடங்களில் பலருக்கு அந்த ரப்பர் கை ‘என் கை’ ஆகிவிடும். வருடும் நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றினால் மாயம் கலையும். சிலருக்கு முதலிலிருந்தே எதுவும் தோன்றாது; அவர்கள் எத்தனை பேர் என்று வகுப்பில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.